படித்த படிப்பு வீண் போகலாமா? வீட்டிலிருந்தே இணையத்தில் 'அல்காரிதம்' சொல்லிக்கொடுக்கலாம், வாங்க!



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஊருக்கு ஊர் ஒரே கேள்வி வருகிறது. "மேடம், என் மருமக எம்.சி.ஏ. முடிச்சிருக்கா. கொழந்த பொறந்ததுக்கு அப்புறம் வேலைக்கு அனுப்ப முடியல. வீட்ல இருந்தே செய்யற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" மருமகள் என்ற இடத்தில் சில ஊர்களில் மகள். எம்.சி.ஏ. என்ற இடத்தில் பி.இ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மற்றபடி கேள்வி ஒன்றுதான்.

நாம் குழுவில் பேசும் தொழில்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தையல், ஆடு வளர்ப்பு, ஜவ்வரிசி வடகம், கொலுசு வேலை, சேலைக்கு குஞ்சம் கட்டுவது. எல்லாமே நல்ல தொழில்தான். ஆனால் மூன்று வருடம், நான்கு வருடம் கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு அந்தப் படிப்பு உதவுகிற மாதிரி ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போனால் ஆஸ்பத்திரி போர்டுக்கு அடுத்து கோச்சிங் சென்டர் போர்டுதான் கண்ணில் படும். ராசிபுரத்திலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பஸ் ஏறி அங்கே வரும் பிள்ளைகள் உண்டு. வர முடியாத பிள்ளைகள் அதைவிட அதிகம். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பொம்பளப் பிள்ளைய எப்படிங்க அனுப்பறது?" என்று நம் உறுப்பினர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண் ஒரு தெருவில். கற்றுக்கொள்ளத் தவிக்கும் பிள்ளை அடுத்த தெருவில். நடுவில் ஒரு போனும் ஒரு நோட்டும் போதும். அதை எப்படித் தொடங்குவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் ஊக்குநர் வாசித்துக் காட்டவும்.

அல்காரிதம் அப்படின்னா என்ன?

பயப்பட வேண்டாம். ஒரு வேலையை முடிக்க, எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது, எப்போது நிறுத்துவது என்று படிப்படியாகச் சொல்வதுதான் அல்காரிதம். தமிழ்ப் பாடநூலில் இதை 'நெறிமுறை' என்கிறார்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது. நம் இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி என்று விளக்கி நூல் எழுதியவர் அவர்.

ஓர் உதாரணம். கூட்டமைப்பில் 1000 உறுப்பினர் பெயர், உறுப்பினர் எண் வரிசைப்படி ஒரு ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஒருவரின் எண்ணைத் தேட வேண்டும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் 1000 வரியும் பார்க்க வேண்டும். அதையே நட்ட நடுவில் திறந்து பாருங்கள். நாம் தேடும் எண் பெரியதா? அப்படியென்றால் முன்பாதியை விட்டுவிடலாம். மீதியில் மறுபடியும் நடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 10 முறை பார்ப்பதற்குள் விடை கிடைத்துவிடும். 1000 எங்கே, 10 எங்கே! ரெஜிஸ்டர் அதேதான், ஆளும் அதேதான், மாறியது வழி மட்டும். நல்ல வழியைக் கண்டுபிடிப்பதுதான் அல்காரிதம் பாடம்.

இது கம்ப்யூட்டர் மொழியைப் பற்றிய பாடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பைத்தான், சி, ஜாவா எல்லாம் எழுதும் பேனா மாதிரி. எழுத வேண்டிய விஷயம் அல்காரிதம்.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

முதலாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள். 2019-இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் மொழி சேர்க்கப்பட்டது. அதில் நான்காவது பாடமே அல்காரிதம்தான். நாம் மேலே பார்த்த தேடல், வரிசைப்படுத்தும் முறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் உட்கார்ந்து விளக்க ஆள் கிடைப்பது அரிது.

இரண்டாவது, இன்ஜினியரிங் முதலாண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே பைத்தான் பாடம் எல்லாப் பிரிவுக்கும் உண்டு. சிவில் படிக்கும் பிள்ளையும் எழுத வேண்டும், மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளையும் எழுத வேண்டும். பயாலஜி எடுத்துவிட்டு இன்ஜினியரிங் போன பிள்ளைகள் இங்கேதான் அரியர் வைக்கிறார்கள்.

மூன்றாவது, வேலைத் தேர்வுக்குத் தயாராகும் கடைசி ஆண்டுப் பிள்ளைகள். இவர்களுக்குச் சொல்லித்தர அனுபவம் வேண்டும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதல் வகையில் தொடங்குவதே நல்லது.

முதலில் நம்மைக் கூர்தீட்டிக் கொள்ள வேண்டும்

படித்து ஐந்து வருடம், எட்டு வருடம் ஆகியிருக்கும். மறந்து போயிருக்கும். அதனால் உடனே வகுப்பு எடுக்க இறங்க வேண்டாம். மூன்று மாதம் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. காரணம், அல்காரிதத்தை இணையத்தில் சொல்லிக்கொடுப்பதற்கு நம் தமிழ்நாடே நல்ல முன்னுதாரணம்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் 'என்.பி.டெல்' என்ற திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் சான்றிதழும் தருகிறார்கள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த், பைத்தான் வழியாக அல்காரிதம் கற்பிக்கும் 8 வாரப் பாடம் அதில் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் தெளிவான ஆங்கிலம். நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். பாடம் பார்ப்பதும் வாரப் பயிற்சி செய்வதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாய் என்ற அளவில் வாங்கி வந்திருக்கிறார்கள். பதியும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். பெற்றோர் "நீங்க என்ன தகுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்கும்போது இந்தச் சான்றிதழ் கை கொடுக்கும்.

தமிழில் வேண்டுமா? மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் தமிழ்க் குரலில் சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள், பைத்தான் போன்றவற்றைத் தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறது. பிளஸ் டூ பாடநூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதை முதல் பக்கத்திலிருந்து முடியுங்கள். சொல்லிக்கொடுக்கப் போவது அதைத்தானே!

சொல்லிக்கொடுப்பது எப்படி? இதுதான் முக்கியம்

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று கணினிச் சிந்தனை பற்றியது. அதில் எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் மொழி கிடையாது. மாணவர் மதிப்பெண் எழுதிய அட்டைகள், கடையில் சாமான் வாங்கிய பில்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "அதிக மதிப்பெண் யாருக்கு?" "எந்தக் கடையில் அதிகச் செலவு?" என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கையால் செய்து பழகிய பிறகுதான் புரோகிராம்.

நாமும் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் என்ன நடக்கிறது? ஆசிரியர் திரையில் புரோகிராமை எழுதுகிறார், பிள்ளை பார்த்து எழுதிக்கொள்கிறது. பரீட்சையில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டால் விழிக்கிறது. அது டியூஷன் இல்லை, டிக்டேஷன்.

ஒரு வகுப்புக்கு நான்கு படி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கணக்கைக் கையால் போடச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு நாமக்கல் முட்டையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் 12 முட்டைப் பெட்டி, 10 முட்டைப் பெட்டி, ஒற்றை முட்டைக் கவர் என்று மூன்று வகை இருக்கிறது. 20 முட்டை அனுப்ப வேண்டும். பெட்டி, கவர் எல்லாம் சேர்த்து எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். எப்படி? பிள்ளை யோசித்து, "பெரிய பெட்டியை முதலில் போடுவேன்" என்று சொல்லும். 12 போட்டாச்சு, மீதி 8. பத்துப் பெட்டியை நிரப்ப முடியாது. ஆக 8 ஒற்றைக் கவர். மொத்தம் 9. "இதைவிடக் குறைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு நிமிடம் ஆகட்டும். "ஆமா மேடம், ரெண்டு பத்துப் பெட்டி போதுமே!" என்று பிள்ளை தானே சொல்லும். பெரியதை முதலில் எடுப்பது எப்போதும் சரியாக வராது என்ற பாடத்தை அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

2. செய்ததை வரிவரியாக எழுதச் சொல்லுங்கள்.

புரோகிராமாக வேண்டாம். சாதாரணத் தமிழில். "நடுவில் பார். தேடும் எண் பெரியதாக இருந்தால் இடது பக்கத்தை விடு. சிறியதாக இருந்தால் வலது பக்கத்தை விடு." எழுதும்போதுதான் எங்கே விடுபட்டது என்பது தெரியும். 'எப்போது நிறுத்துவது?' என்பதை முக்கால்வாசிப் பிள்ளைகள் எழுத மறப்பார்கள்.

3. நோட்டுப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நம் உறுப்பினர்களுக்கு இது நன்றாகவே புரியும். குழுவின் வரவு செலவு நோட்டில் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று பத்தி போடுகிறோம் இல்லையா? இருப்பு டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மொத்தமாகப் பார்த்து முழிப்பதில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்து, எந்த வரியில் தப்பு வந்தது என்று பிடிக்கிறோம். அல்காரிதத்துக்கும் அதே நோட்டுதான்.

ஏழு எண்கள் இருக்கின்றன: 3, 8, 12, 17, 25, 31, 40. இதில் 20 இருக்கிறதா என்று தேடுவோம். நோட்டில் 'ஆரம்ப இடம், கடைசி இடம், நடு இடம், அங்கே உள்ள எண்' என்று நான்கு பத்தி.

முதல் வரி: ஆரம்பம் 1, கடைசி 7, நடு 4, எண் 17. இருபது பெரியது, ஆகவே ஆரம்பம் 5 ஆகிறது.
இரண்டாம் வரி: ஆரம்பம் 5, கடைசி 7, நடு 6, எண் 31. இருபது சிறியது, ஆகவே கடைசி 5 ஆகிறது.
மூன்றாம் வரி: ஆரம்பம் 5, கடைசி 5, நடு 5, எண் 25. இருபது சிறியது, ஆகவே கடைசி 4 ஆகிறது.
இப்போது ஆரம்பம் 5, கடைசி 4. ஆரம்பம் கடைசியைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் தேட இடம் இல்லை. 20 இல்லை என்பதுதான் விடை.

அந்தக் கடைசி வரியை எழுதாத புரோகிராம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நோட்டுப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது ஏன் என்று விளங்கிவிடும்.

4. கடைசியாகத்தான் புரோகிராம்.

இதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். தமிழில் எழுதிய வரிகளைப் பைத்தானில் எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதியதை ஓட்டிப் பார்க்க கூகுள் கோலாப் போன்ற இலவச வசதி இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

பயிற்சிக் கணக்குகளுக்கும் குறைவில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரிசங்கரன் கருணாநிதி இருவரும் தொடங்கிய 'ஹேக்கர்ரேங்க்', மும்பையில் 2009-இல் தொடங்கிய 'கோட்செஃப்' போன்ற தளங்களில் கணக்குக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை விடையை எழுதி அனுப்பினால், பல வகை எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடும். நேரம் அதிகம் எடுத்தாலும் ஏற்காது. ஆனால் தப்பு ஏன் வந்தது என்று பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடிக்க உதவுவது நீங்கள்தான். உங்கள் வேலையின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

என்னென்ன பொருள் வேண்டும்?

லேப்டாப் வாங்குவதற்காகக் குழுக் கடன் கேட்டு வர வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாத வருமானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியது வீட்டு அலமாரியில் தூங்குகிறதா என்று பாருங்கள். பைத்தானுக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போன் போதும். நான்கு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் போனை வைத்து, கேமரா கீழே உள்ள வெள்ளைத்தாளைப் பார்க்கிற மாதிரி நீட்டி வையுங்கள். நீங்கள் எழுதுவது பிள்ளைக்குத் தெரியும். பிள்ளையின் போனும் அதன் நோட்டைக் காட்ட வேண்டும். முகம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நோட்டுத் தெரிந்தால் போதும்.

கூகுள் மீட்டில் இருவர் மட்டும் பேசினால் நேரம் தாராளம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். நம் வகுப்புக்கு அது சரியான அளவுதான். மைக் உள்ள ஹெட்போன் ஒன்று அவசியம் வாங்குங்கள். பக்கத்தில் தறி ஓடினால் ஒன்றும் கேட்காது. மின்தடை நாளைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே வகுப்பை மாற்றி வையுங்கள்.

முதல் இரண்டு மாதம்

முதல் மாதம் இரண்டே பிள்ளைகள். சொந்தக்காரர் பிள்ளை, குழு உறுப்பினர் பிள்ளை என்று தெரிந்தவர்களாக இருக்கட்டும். கட்டணம் வேண்டாம். ஆனால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் 'எது புரியவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். உங்களுக்கு அதுதான் பயிற்சி.

இரண்டாம் மாதம் நான்கு முதல் ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் ஒரு வகுப்பில் வேண்டாம். ஆறு நோட்டைத்தான் ஒரு மணி நேரத்தில் பார்க்க முடியும். இருபது பேரைச் சேர்த்தால் மறுபடியும் டிக்டேஷன்தான்.

கட்டணம் எவ்வளவு வாங்கலாம் என்பதை உங்கள் ஊர் நிலவரம் பார்த்து வையுங்கள். கணக்கு மட்டும் நேர்மையாகப் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பிள்ளைக்கு 3000. நெட், கரண்ட் செலவு 400 போனால் 2600. வாரம் மூன்று வகுப்பு என்றால் மாதம் 12 மணி நேரம். தயாரிப்புக்கும் நோட்டுத் திருத்தவும் இன்னொரு 12 மணி நேரம். ஆக 24 மணி நேர உழைப்புக்கு 2600. மணிக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து "மணிக்கு இருநூறு சம்பாதிக்கிறேன்" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. அதே சமயம் இரண்டாவது வகுப்புச் சேர்த்தால் தயாரிப்பு நேரம் இரட்டிப்பாகாது. வருமானம் கூடும் வழி அதுதான்.

வருமானம் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ள இத்தகைய சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பின்னாளில் வங்கிக் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் 'உத்யம்' பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். ஆயிரம் ரூபாய் கொடுங்கள், பதிந்து தருகிறோம் என்பவரிடம் போக வேண்டாம்.

ஏமாற்று வேலைகள்: உஷார்!

'வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கலாம், மாதம் 30 ஆயிரம்' என்று போனில் விளம்பரம் வரும். போனால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு பயிற்சிக் கட்டணம், பிறகு டெபாசிட். பணம் கட்டிய பிறகு அந்த எண் எடுக்காது. ஒரே விதியை மனதில் வையுங்கள்: வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் வாங்க மாட்டார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. கட்டணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டிய அவசியமே கிடையாது.

பாதுகாப்புக்கும் நான்கு வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் வகுப்பு லிங்க் பெற்றோர் போனுக்குத்தான் போக வேண்டும். வகுப்பு நேரம் தவிர தனியாகப் பேசும் பழக்கம் இரு தரப்பிலும் வேண்டாம். வகுப்பில் தகாத முறையில் யாராவது நடந்துகொண்டால் உடனே வெளியேற்றிப் பெற்றோரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

"இப்பத்தான் ஏ.ஐ. வந்து எல்லா புரோகிராமையும் அதுவே எழுதுதாமே, இனிமே யாருங்க டியூஷன் வருவாங்க?"

எழுதுவது உண்மைதான். ஆனால் பரீட்சை ஹாலில் பிள்ளை தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். அதோடு, மெஷின் எழுதித் தருவது சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? கால்குலேட்டர் வந்த பிறகும் நம் குழுவில் கணக்கு நோட்டை நாம்தானே சரிபார்க்கிறோம்? வரிவரியாகச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஏ.ஐ. உதவும். தெரியாத பிள்ளை அது சொல்வதை அப்படியே நம்பிக் கெடும்.

"நான் படிச்சு பத்து வருஷம் ஆச்சுங்க. இங்கிலீஷும் சரளமா வராது."

வராவிட்டால் என்ன? உங்களிடம் வரப்போவது தமிழில் கேட்டால் புரியும் என்று ஏங்கும் பிள்ளைதான். பாடச் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பின்னால் கல்லூரியில் உதவும். தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் சொல்லுங்கள். மதிப்பு குறையாது, கூடும்.

வீட்டாரும் குழுவும் செய்ய வேண்டியது

கடைசியாக மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தொழிலில் பெரிய முதலீடு போனும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. தினம் இரண்டு மணி நேரம்தான் முதலீடு. அந்த நேரத்தில் பேரப்பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால் வேறு யாராவது இறக்க வேண்டும். 'சும்மா போனைப் பார்த்துக்கிட்டு இருக்கா' என்ற பேச்சு வீட்டில் எழக்கூடாது. தறியில் உட்கார்ந்தால் வேலை என்று ஒப்புக்கொள்கிற நாம், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாலும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழுக்கள் செய்ய வேண்டியது மூன்று. அடுத்த கூட்டத்தில், உறுப்பினர் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். கணினி அறிவியல் படிக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் யார் யார் என்று இன்னொரு பட்டியல் எடுங்கள். இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலை உங்கள் பகுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். சொல்லிக்கொடுப்பவரையும் படிப்பவரையும் அறிமுகப்படுத்தி வைக்க அந்தப் பட்டியல் போதும். கூட்டமைப்புக்கு அதில் கமிஷன் எதுவும் கிடையாது.

சேமிப்பு என்றால் மாதாமாதம் போடும் பணம் மட்டும் இல்லை, சகோதரிகளே. பெற்றவர்கள் தறி ஓட்டியும் கடன் வாங்கியும் படிக்க வைத்த அந்தப் படிப்பும் நம் வீட்டுச் சேமிப்புதான். பெட்டிக்குள் பூட்டி வைத்த சேமிப்பு வளராது என்பது குழுப் பெண்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுத்துச் சுழற்சிக்கு விடுவோம்!